நடு இருக்கைக்குக் கொடுத்த அங்கி

அக்கா யாரையும் இரண்டாவது முறை கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஒருமுறை கூப்பிடுவார். திரும்பவில்லை என்றால் அடி விழும். அது முதுகில் விழுமா, கன்னத்தில் விழுமா என்பது கூப்பிடப்பட்டவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருந்தார். சந்தையில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், கொஞ்சம் எட்ட நின்றுகொண்டு. நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அவரை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் வந்து நிற்பது அந்தக் கைதான்.

ஆள் ஒல்லி, உயரமும் இல்லை. மணிக்கட்டு மட்டும் ஆண்பிள்ளைகளுக்கு இருப்பதுபோல் தடித்திருக்கும். பழைய மரப்பெட்டியிலிருந்து பெயர்த்த ஒரு ரீப்பர் கட்டை எப்போதும் கையில் இருக்கும். மரப்பெட்டிகள் போய் பிளாஸ்டிக் கிரேடுகள் வந்த பிறகும் கட்டை போகவில்லை. அடியில் அழுகலை வைத்து மேலே நல்ல பழத்தை அடுக்கிக் கொண்டுவந்த ஒருவரை அவர் கையாண்டதை நான் நேரில் பார்த்தேன். முதலில் அந்த அழுகல் பழத்தை அந்த ஆளின் மூக்கின்மேல் வைத்து நசுக்கினார். அந்த ஆள் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு அறைந்தார்.

"சொல்லிட்டிருக்க நேரமில்ல தம்பி. அதான் கை போயிருது" என்றார் என்னிடம். அவரிடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான்.

ஒரு உயிர்ப்பு ஞாயிறு அன்று பூசை நடந்துகொண்டிருந்தபோது குடித்துவிட்டு ஒருவன் மாதா கோயிலுக்குள் வந்து பெண்கள் பக்கம் நின்று ஏதோ பேசினான். பாட்டு நடந்துகொண்டிருந்தது. அக்கா புத்தகத்தை மூடி வைத்தார். அவன் தலைமுடியைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போனார். வெளியே சத்தம் கேட்டது. திரும்பி வந்து, முக்காட்டைச் சரிசெய்து, பாட்டில் மற்றவர்கள் இருந்த வரியிலேயே சேர்ந்துகொண்டார். பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் கூப்பிட்டு, "கோயில்ல வச்சு அடிக்கலாமாம்மா?" என்றார்.

"வெளிய இழுத்துட்டுப் போய்த்தான் சாமி அடிச்சேன்."

ஊரடங்கின் தொடக்கத்தில் கடைவீதியில் போலீஸ்காரர்கள் லத்தியால் விரட்டினார்கள். ஓடியவர்களில் நானும் ஒருவன். அக்கா மண்டிக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "இவனுங்களுக்கு அடிக்கவே தெரியல. கையத் தூக்கற நேரத்துல பாதிப் பேரு ஓடிப் போயிடறான்" என்றார்.

அவருக்கு ஒரே மகள், ஜெசிந்தா. அவளையும் அடிப்பார். சுவர் வழியாக எனக்குக் கேட்கும். அவள் குரல் கேட்காது, கட்டை விழும் சத்தம் மட்டும் கேட்கும். பேருந்து நிறுத்தத்தில் யாரோ ஒரு பையனுடன் சிரித்ததற்கு ஒருமுறை. சமையல் எரிவாயுவை அணைக்க மறந்ததற்கு ஒருமுறை. காரணம் தெரியாமல் பலமுறை. அடித்து முடித்த பிறகு அவளுக்காக முட்டைக் குழம்பு வைப்பார். அந்த வாசனையும் சுவர் தாண்டி வரும். என் மனைவி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போவாள். கணவனில்லாமல் வளர்த்த பெண், யாரும் விரல் நீட்டக்கூடாது என்ற பயம், என்று ஊரில் சொல்வார்கள். அக்கா அப்படியெல்லாம் சொன்னதில்லை.

ஜெசிந்தாவை அகமதாபாத்தில் ஒரு கிரானைட் பாலிஷ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த நம் பக்கத்துப் பையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஊரடங்கில் கம்பெனி மூடியது. அவன் வீட்டிலேயே இருந்தான். ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து என் மனைவிக்கு அழைப்பு வந்தது. ஜெசிந்தா பக்கத்து வீட்டுப் பெண்ணின் கைப்பேசியிலிருந்து பேசினாள். அவளுடைய கைப்பேசியை அவன் உடைத்துவிட்டான். இடது கையையும்.

"எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு நேராகப் போய் அக்காவிடம் சொன்னாள்.

அக்கா முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த வரனைக் கொண்டுவந்த தரகர் பாலக்கோடு சாலையில் குடியிருந்தார். செருப்பால் அடித்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தரகர் தன் முகக்கவசத்தை இறக்கிப் பேச முயன்றபோது, "மூக்க மூட்றா, ஊருக்கு நோயப் பரப்பாத" என்று மேலே ஏற்றிவிட்டு மறுபடி அடித்தாராம்.

ரயில் ஓடவில்லை. காரில் போவதென்றால் வழியிலுள்ள ஒவ்வொரு மாநிலத்திலும் நிறுத்துவார்கள். விமானங்கள் அப்போதுதான் மறுபடி பறக்கத் தொடங்கியிருந்தன. போலீசுக்குச் சொல்லலாமே என்றேன்.

"ரோட்ல போறவன அடிக்கவே அவங்களுக்குக் கை பத்தல. வூட்டுக்குள்ள இருக்கறவன எப்பப் போய்ப் பாப்பாங்க? நீ டிக்கெட்டப் போடு. நீயும் வரோணும். இந்த போன்ல பச்ச காட்டணும், செவப்பு காட்டணும்ங்கறாங்களே, அதெல்லாம் எனக்கு ஆவாது."

அனுமதிச் சீட்டு, உடல்நிலை உறுதிமொழி, கைப்பேசிச் செயலி எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டேன். காரில் ஏறியதும் ஒன்றே ஒன்று சொன்னேன். "அக்கா, விமான நிலையத்துல யார் மேலயும் கை வச்சா நம்மள ஏத்த மாட்டாங்க. அப்புறம் ஜெசிந்தாவ யாரும் கூட்டிட்டு வர முடியாது."

"சரி" என்றார். ஓசூர் தாண்டும்வரை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

பெங்களூர் விமான நிலையத்தில் தரையெங்கும் வட்டம் வரைந்திருந்தார்கள். ஒரு வட்டத்துக்கு ஒருவர். வாசலில் அடையாள அட்டையைக் கண்ணாடித் தடுப்பின்மேல் வைத்துக் காட்ட வேண்டும், காவலர் தொடமாட்டார். பையின் சீட்டை நாமே அச்சடித்து நாமே கட்ட வேண்டும். காலால் மிதித்தால் கிருமிநாசினி கையில் கொட்டியது. அக்கா எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்த்தார். ஆனால் வட்டம் அவருக்குப் பிடித்திருந்தது. "மண்டியிலயும் போடணும். எவனும் மேல வந்து வுழ மாட்டான்."

அப்போதுதான் பின்னால் நின்ற ஓர் ஆள், கைப்பேசியில் பேசியபடி, முகக்கவசம் தாடையில் தொங்க, தள்ளுவண்டியை அக்காவின் குதிகாலில் இடித்தான். அக்கா திரும்பிப் பார்த்தார். கன்னடத்தில், தள்ளி நில் என்றார். அவன் மறுபடி இடித்தான். அவர் தோள் தூக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். தலையை ஆட்டினேன். அக்கா கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டார். பிறகு வட்டத்தைவிட்டு வெளியே வராமல், குதிகாலால் வண்டியை ஓர் உதை விட்டார். வண்டியின் கைப்பிடி அவன் வயிற்றில் இறங்கியது. கைப்பேசி தரையில் விழுந்து உருண்டது. அவன் குனிந்தபடியே நின்றான்.

"கைய வைக்கலையே தம்பி" என்றார் என்னிடம், மெதுவாக.

பாதுகாப்புச் சோதனையில் அவருடைய கைப்பையிலிருந்து ஒரு பொட்டலம் மிளகாய்த்தூள் வந்தது. சோதித்த பெண் எட்ட நின்று கருவியை நீட்டியபடி, எதற்கு என்று கேட்டார். "மாப்பிள்ளைக்கு" என்றார் அக்கா. நான் இந்தியில், சமையலுக்கு என்றேன். பொட்டலத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார்கள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். ரீப்பர் கட்டை பெரிய பையில், சேலைகளுக்கு நடுவில் இருந்தது. அதைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை.

விமானத்தில் ஏறுமுன் எல்லோருக்கும் முகத்தை மறைக்கும் கண்ணாடித் தகடு ஒன்று கொடுத்தார்கள். நடு இருக்கைக்காரர்களுக்கு மட்டும் கணுக்கால்வரை வரும் வெள்ளை அங்கி. அக்காவுக்கு நடு இருக்கை.

"பூச வைக்கப் போறனா நானு?" என்று கேட்டபடி மாட்டிக்கொண்டார். விமானம் எழும்பியபோது சிலுவை போட்டுக்கொண்டார். அந்த அங்கியில் அது பொருத்தமாகவே இருந்தது. வழி முழுவதும் யாரும் பேசவில்லை, யாரும் சாப்பிடவில்லை. இத்தனை பேர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் அக்கா ஒருவர்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

அகமதாபாத்தில் இறங்கியதும் மற்ற நடு இருக்கைக்காரர்கள் அங்கியைக் கழற்றி மஞ்சள் தொட்டியில் போட்டார்கள். அக்கா போடவில்லை.

"கழட்டுங்க அக்கா."

"அது அவங்க சாமானம். கிரேடு மாதிரி. எந்த மண்டியில எடுத்தமோ அங்கயே திருப்பி வுடணும். திரும்பிப் போறப்ப ஏறுவமில்ல, அப்பக் குடுக்கறன்."

"திருப்பிக் கேக்க மாட்டாங்கக்கா. தூக்கிப் போடறதுக்குத்தான்."

"கசங்கக்கூடாது. மடிச்சா கசங்கிரும்" என்று சொல்லி அங்கியோடும் முகத் தகடோடும் நடந்தார். சந்தையில் கிரேடு திரும்பாவிட்டால் அடுத்த நாள் சரக்கு வராது. அந்தப் பழக்கத்தோடு நான் வாதாடவில்லை. வாடகைக் காரின் ஓட்டுநர் அவரைப் பார்த்து எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார்.

மாப்பிள்ளை குடியிருந்த தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். வெளியாட்கள் உள்ளே போக முடியாது என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். காரிலிருந்து அக்கா இறங்கினார். காவலுக்கு நின்றவர் வெள்ளை அங்கியைப் பார்த்தார், என் கையில் அனுமதிச் சீட்டுகள் வைத்திருந்த கோப்பைப் பார்த்தார். சுகாதாரத் துறை என்று அவரே முடிவு செய்து தகரத்தை நகர்த்தினார். அக்கா பையைத் திறந்து எதையோ எடுத்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார். நாங்கள் படியேறும்போது மேல்மாடிகளில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் ஓசை கேட்டது.

கதவைத் தட்டினோம். மாப்பிள்ளை திறந்தான். அங்கியை மேலும் கீழும் பார்த்தான். முகம் வெளிறியது. பக்கத்துக் கட்டடத்தில் யாருக்கோ நோய் வந்திருந்ததாம். பரிசோதனைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். முகக்கவசத்தை இறக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, வாயை அகலத் திறந்தான்.

அக்கா கட்டையை எடுத்து அந்த வாயின்மேல் அடித்தார்.

அவன் நிலைப்படியில் மோதி விழுந்தான். இரண்டாவது அடி தோளில். மூன்றாவது, முகத்தை மறைக்கத் தூக்கிய கையில். கட்டை எலும்பில் படும் சத்தமும் தசையில் படும் சத்தமும் வேறுவேறு. எனக்கு அது சுவர் வழியாகப் பழகியிருந்தது. "எந்தக் கைடா?" என்று கேட்டுக்கொண்டே அடித்தார். "எந்தக் கைய ஒடச்ச? சொல்றா. எந்தக் கைய?" அவன் வாயில் ரத்தம் நிறைந்திருந்தது. பதில் சொல்ல முடியவில்லை. பதில் வராததால் அடி நிற்கவில்லை. ஒருமுறை அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அந்த முழங்கை என் விலாவில் இறங்கியது. மூச்சு திரும்பி வரும்வரை நான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். கட்டை இரண்டாகப் பிளந்த பிறகுதான் நிறுத்தினார்.

உள்ளறை வாசலில் ஜெசிந்தா நின்றிருந்தாள். இடது கையைத் துப்பட்டாவில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கீழுதடு வீங்கியிருந்தது. யாரோ வெள்ளை உடுப்பு போட்ட அதிகாரி கணவனைக் கொல்கிறார் என்று நினைத்து இந்தியில் அலறிக்கொண்டிருந்தாள். அக்கா முகத் தகட்டை மேலே தூக்கினார்.

அலறல் சட்டென்று நின்றது. ஆனால் அவள் முகத்தில் இருந்த பயம் குறையவில்லை. நான் நன்றாகப் பார்த்தேன். அது கூடியது. அவள் ஓர் அடி பின்னால் போய் அலமாரியோடு ஒட்டிக்கொண்டு, "அம்மா" என்றாள்.

"துணிய எடுத்து வையி. போலாம்."

ஜெசிந்தா உடனே உள்ளே போய்த் துணி எடுத்து வைத்தாள்.

மாப்பிள்ளை தரையில் முனகிக்கொண்டிருந்தான். மூச்சு இருந்தது. படியில் இறங்கும்போது ஒரு கதவும் திறக்கவில்லை. வெள்ளை அங்கி ஒரு பெண்ணைக் கூட்டிப் போனால் என்ன அர்த்தம் என்று அப்போது எல்லோருக்கும் தெரியும். காவல்காரர் தகரத்தை நகர்த்திவிட்டு வெகுதூரம் தள்ளி நின்றார். காரில் ஏறும்முன் அக்கா அங்கியைக் கழற்றி உட்புறம் வெளியே வரும்படி சுருட்டினார். முன்பக்கமெல்லாம் ரத்தம். "இனி எப்படித் திருப்பிக் குடுக்கறது" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். விமான நிலையத்து மஞ்சள் தொட்டியில் நான்தான் போட்டேன்.

அந்த வாசலில் நெற்றிச் சூடு பார்த்துக்கொண்டிருந்தது ஓர் இளம்பெண். கையுறை போட்ட கையில் துப்பாக்கி போன்ற கருவி. என் நெற்றிக்கு நேரே நீட்டினாள், போகச் சொன்னாள். அக்காவுக்கும் அப்படியே. ஜெசிந்தாவின் முகத்துக்கு நேரே அந்தக் கை உயர்ந்தபோது, ஜெசிந்தா கண்ணை இறுக மூடி, நல்ல கையால் தலையை மூடிக்கொண்டு, வட்டத்துக்குள்ளேயே குந்திவிட்டாள்.

அந்தப் பெண் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் நோய் என்று நினைத்து விலகினார்கள். அக்கா திரும்பி வந்து, மகளைத் தூக்கிவிடக் குனிந்து கையை நீட்டினார். ஜெசிந்தா இன்னும் சுருண்டாள்.

"நான்தான்டி" என்றார் அக்கா.

"தெரியும்மா."

கண்ணைத் திறக்காமல் சொன்னாள். அக்காவின் கை அவள் தோளுக்கு மேலே அப்படியே நின்றது. நான்தான் ஜெசிந்தாவைப் பேசி எழுப்பினேன். இரண்டாவது முறை கருவி நீட்டப்பட்டபோது பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள். சூடு இல்லை, போகலாம் என்றார்கள்.

விமானத்தில் அவளுக்குச் சன்னல், அக்காவுக்கு நடு, எனக்கு ஓரம் என்று சீட்டு. "அண்ணா, நீங்க நடுவுல வாங்க" என்றாள். நடு இருக்கைக்குக் கொடுத்த புது அங்கியை நான் போட்டுக்கொண்டேன். அக்கா ஓரத்தில் உட்கார்ந்தார். இந்த முறை தூங்கவில்லை. மடியில் வைத்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே வந்தார். ஏதோ இரவல் வாங்கி வந்த சாமானைப் பார்ப்பதுபோல.

பெங்களூரிலிருந்து காரில் ஓசூர் எல்லைக்கு வந்தபோது பந்தல் போட்டு நிறுத்தினார்கள். வருவாய்த் துறைக்காரர் ஒருவர் மேசையில் இருந்தார். பக்கத்தில் முத்திரைக் கட்டையும் மைத்தட்டுமாக ஒரு சுகாதாரப் பணியாளர். வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்கள் வீட்டில் தனி அறை இருந்தால் வீட்டிலேயே அடைந்து இருக்கலாம். புறங்கையில் முத்திரை குத்தி அனுப்புவார்கள். இல்லையென்றால் கல்லூரி விடுதியில் முகாம். வேன் தயாராக நின்றது. என்னை வீட்டுக்கு என்று எழுதி முத்திரை குத்தினார்கள். அடுத்து அக்கா.

"நானும் பொண்ணும் வூட்டுக்கு. தனி ரூமு இருக்குது" என்றார்.

"நான் முகாமுக்குப் போறேன் சார்" என்றாள் ஜெசிந்தா.

மேசைக்காரர் நிமிர்ந்தார். "வீடு இருக்குன்னு அம்மா சொல்றாங்களே? கை வேற அடிபட்டிருக்கு."

"அங்க டாக்டர் வருவாங்கல்ல சார்? போறேன்."

"வூடு இருக்கறப்ப ஆஸ்டல்ல இன்னாத்துக்குடி?" என்றார் அக்கா. "எவன் இருப்பான், எவ இருப்பான்னு தெரியாது. உன்னயக் கூட்டிட்டு வரதுக்கு நான் அவ்ளோ தூரம் வந்தேன். வண்டியில ஏறு."

"அங்க யாரும் கிட்ட வர மாட்டாங்கம்மா."

"என்னது?"

"யாரும் கிட்ட வரக்கூடாதுன்னு சட்டம். அவரும் வர முடியாது. நீயும் வர முடியாது. நான் கொஞ்ச நாள் அப்படி இருக்கறேன்." கட்டித் தொங்கிய கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். "அதுக்கப்புறம் எங்க போறதுன்னு நானே சொல்றேன்."

அக்காவின் கை உயர்ந்தது. அது உயர்வதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தோள் முதலில், பிறகு முழங்கை. ஜெசிந்தா இந்த முறை குந்தவில்லை. நகரவுமில்லை. கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தாள்.

சுகாதாரப் பணியாளர் காலையிலிருந்து கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர். முன்னால் ஒரு கை நீண்டதும், முத்திரைக்குத்தான் என்று நினைத்து மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். புறங்கையில் கட்டையை வைத்து அழுத்தினார்.

"காயற வரைக்கும் எதையும் தொடாதீங்கம்மா" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஜெசிந்தா தன் பையை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினாள். கதவைச் சாத்தினார்கள். வேன் கிளம்பித் திரும்பும்வரை அக்கா அந்தக் கையை உடம்பில் படாமல், முன்னால் நீட்டியபடியே நின்றார்.